ஆளை மாற்றினால் செலவு மிச்சமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பி.டி.எஸ்.டி. எனும் போர் அதிர்ச்சி நோய் வந்த அமெரிக்க வீரருக்கு வைத்தியம் பார்ப்பதைவிட, புது ஆளைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பது மலிவு என்கிறார்கள். இது ஒரு துறையின் பேரேட்டை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி முன்னாள் படைவீரர் துறையிடம் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு முதல் ஆண்டின் சராசரி மருத்துவச் செலவு 8,300 டாலர் என்று அமெரிக்க நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் 2012-ல் சொன்னது. இந்நோயோ தலைக்காயமோ இல்லாதவருக்கே 2,400 ஆனது. ஆக, கூடுதல் செலவு ஏறக்குறைய 5,900 டாலர்தான். வெளியே அனுப்பினால்? போர் அழுத்தத்தால் மனநோய் வந்து விடுவிக்கப்படுபவருக்கு விதிப்படி தொடக்கத்திலேயே குறைந்தது 50 சதவீத இயலாமை மதிப்பீடு உண்டு. ஆறு மாதத்துக்குள் மறுபரிசோதனை. இந்த மதிப்பீட்டுக்கு முன்னாள் படைவீரர் துறை தரும் இழப்பீடு, குடும்பம் இல்லாதவருக்கு 2024-ல் மாதம் 1,075 டாலர், ஆண்டுக்கு 12,900. விலைவாசி உயர்வைச் சேர்த்துப் பார்த்தாலும் இதுதான் பெரிய தொகை. வைத்தியச் செலவும் நின்றுவிடாது. இவை எதுவும் ராணுவத்தின் கணக்கில் ஏறாது என்பதால்தான் வெளியேற்றம் மலிவாகத் தெரிகிறது.

மாற்று ஆள் சும்மா வருவதில்லை. காலாட்படையின் அடிப்படைப் பயிற்சியை 14 வாரத்திலிருந்து 22 வாரமாக நீட்டும் மாற்றம் 2018-ல் தொடங்கியது. அதை முடித்து வருபவர் கடைநிலைச் சிப்பாய். போர் அனுபவத்தில் தேறிய சார்ஜெண்டின் இடத்தை நிரப்பப் பல ஆண்டு பிடிக்கும்.

சிகிச்சை எங்கே சறுக்குகிறது? அதிர்ச்சி நினைவை மீண்டும் மீண்டும் பேசவைக்கும் முறைக்கு வாரம் ஒரு முறை, 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள் வேண்டும். களப்பயிற்சி, இடமாற்றம் என்று நடுவில் அறுந்தால் பாதிச் சிகிச்சைதான் மிஞ்சும். பணியில் இருந்த வீரர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், 10 அமர்வுகளை இரண்டே வாரத்தில் முடித்தபோது பலன் எட்டு வார முறைக்குக் குறையவில்லை. விடுப்புக் கொடுப்பது போல இரண்டு வாரம் ஒதுக்கினால் போதும். படையினரிடம் சிகிச்சை முடிந்த பின்னும் பெரும்பாலோருக்கு நோய் முழுதாக விலகுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தூக்கமும் கோபமும் கட்டுக்குள் வந்தால் பலர் வேலை பார்ப்பார்கள்.

எங்களை உறுத்துவது வேறு. 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்ட 91,764 பேரில் 62 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் பி.டி.எஸ்.டி., தலைக்காயம் அல்லது வேறு சில மனநலப் பிரச்சினைகள் கண்டறியப்பட்டிருந்தன என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு கூறியது. இப்படிக் கண்டறியப்பட்டிருந்தவர்களில் 13,283 பேருக்குக் கிடைத்த பணிவிடுவிப்புச் சான்று, மருத்துவமும் உதவித்தொகையும் கைவிட்டுப் போகக்கூடிய வகை. நீக்க ஆணையில் கையெழுத்திடும் படைப்பிரிவே முதல் ஆண்டு இழப்பீட்டையும் தன் பட்ஜெட்டிலிருந்து கட்ட வேண்டும் என்று விதி வரட்டும். அதன்பின் இந்த ஒப்பீட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மனநல மருத்துவர்கள் சிலர், மதுரை