கடைசித் தேதிக்கு முன்னால் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சாரம், பருவநிலை மாற்றம் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். நல்ல கட்டுரைகள்தான். ஆனால் அநேகமாக எல்லாம் அரசாணை வந்த பிறகுதான் வருகின்றன. அப்போது படித்து நாங்கள் என்ன செய்ய?

2022 ஆடியில் பணகுடியில் ஒரு டீக்கடை. டம்ளரைத் தூக்கி மேலே வைத்தால்தான் பேப்பர் பறக்காமல் நிற்கும், அப்படிக் காற்று. உள்பக்க மூலையில், பொடி எழுத்தில், மின்கட்டணத்தை உயர்த்தக் கேட்ட மின்வாரிய மனு மீது கருத்துக் கேட்கும் அறிவிப்பு. பக்கத்திலிருந்த அண்ணாச்சி டெண்டர் விளம்பரம் என்று நினைத்துப் புரட்டிவிட்டார், நானும் விட்டுவிட்டேன். செப்டம்பர் 10-ல் புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. அப்புறம் எத்தனை கட்டுரைகள்!

2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, கட்டண மனுவைச் சுருக்கி வெளியிட வேண்டும், மக்களின் ஆலோசனை, ஆட்சேபனைகளைப் பார்த்த பிறகே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட வேண்டும் என்கிறது. பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக்கும் வட்டார மொழிப் பேப்பரில் அறிவிப்பு வந்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒரு கட்டுரைக்கு உண்மையான வேலை அந்த நாட்களில்தான். 2020-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும் வந்தது. கருத்துச் சொல்லும் கெடு முடியும் முன்னே வழக்குப் போட்டுக் கேட்டதால், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது, கெடுவும் ஆகஸ்ட் 11 வரை நீண்டது. கெடு முடிந்த மறுநாள் கேட்டிருந்தால் யார் காதில் விழுந்திருக்கும்?

அதனால் ஒரு கோரிக்கை. எரிசக்தி, பருவநிலை சம்பந்தமாக எந்த வரைவு வந்தாலும், அந்த வாரமே எளிய தமிழில் ஒரு கட்டுரை போடுங்கள். அதன் அடியிலேயே கருத்து அனுப்ப வேண்டிய முகவரியையும் கடைசித் தேதியையும் கட்டம் கட்டிக் கொடுங்கள், படித்த சூட்டோடு நாலு பேர் போஸ்ட் கார்டாவது எழுதுவார்கள்.

இன்னொன்று, எழுதுகிறவர்கள் பற்றி. சென்னை, டெல்லி நிபுணர்கள் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் தொடங்கி கயத்தாறு, ராதாபுரம், பணகுடி என்று இந்தப் பக்கமெல்லாம் மின்சாரம் எடுக்கும் காத்தாடி, அதாவது காற்றாலை, நிற்கிறது. அதில் ஏறி வேலை பார்க்கிற பையன்களும், அதற்கு நிலம் கொடுத்த விவசாயிகளும் நடுப்பக்கத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதிது வைக்க 2024-ல் கொள்கை வந்ததே, அதைப் பற்றி இவர்களுக்கு எவ்வளவு தெரியும்! நல்ல காற்று அடிக்கிற நாளில், மின்கம்பி தாங்காது என்று ஓடுகிற காத்தாடியை நிறுத்தச் சொன்னால் என்ன நஷ்டம் என்று பொதுவாகச் சொல்வது வேறு, இந்த ஊரில், இந்தத் தேதியில், இத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதுவது வேறு. இரண்டாவதற்கு அதிகாரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வயலை ஒட்டி நிற்கும் காத்தாடி என்றைக்கெல்லாம் காற்றிருந்தும் சுற்றாமல் நின்றது என்று வைகாசியிலிருந்து நோட்டில் குறித்து வருகிறேன். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பணகுடி வட்டாரம்