அபுதாபியில் விட்ட கறிவேப்பிலை

சிகாகோ
அக்டோபர் 12

அன்புள்ள மங்களம்,

நீ அனுப்பிய மூன்று குரல்பதிவையும் கேட்டேன். மூன்றிலும் ஒரே கேள்விதான்: "அபுதாபியில் தனியாக எப்படி விமானம் மாறினாய்?" போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குழந்தை அழும், நான் ஓட வேண்டும். அதனால்தான் பேத்தி தூங்குகிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன். பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. பகலெல்லாம் தூங்கி ராத்திரி முழித்துக்கொள்கிறாள். கும்பகோணத்திலிருந்து வந்தது பாட்டியா பேத்தியா என்று மாப்பிள்ளை கேலி செய்கிறார்.

முதலில் உன் டிக்கெட் விஷயம். சென்னையிலிருந்து அபுதாபிக்கு ஒரு கம்பெனி, அங்கிருந்து நியூயார்க்குக்கு வேறொரு கம்பெனி என்று உன் மகன் தனித்தனியாக எடுக்கப் போவதாகவும் அதில் இருபதாயிரம் மிச்சம் என்றும் சொன்னாய். வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. மிச்சம் பிடிப்பதில் உன் மகன் கெட்டிக்காரன்தான், ஆனால் விமானம் மாறப்போவது நீ, அவன் இல்லை. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியைக் கடைசி ஊர்வரை போடமாட்டார்கள். நீ அபுதாபியில் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். வெளியே வருவதென்றால் அந்த நாட்டு விசா வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரனுக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. நீ வரவில்லை என்று எழுதிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவான்.

என் விமானம் சென்னையிலேயே ஐம்பது நிமிஷம் தாமதம். நான் சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பணிப்பெண் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே டிக்கெட்தானே அம்மா, தவறினால் அடுத்ததில் ஏற்றுவது எங்கள் வேலை" என்றாள். அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. நல்லவேளை, இடையில் மூன்று மணி நேரம் இருந்தது. நீயும் அதற்குக் குறைத்து எடுக்காதே. ஒன்றரை மணி நேரம் போதும் என்பவர்கள் முப்பது வயதுக்காரர்கள்.

ஒரே டிக்கெட் என்றால் சென்னையிலேயே இரண்டு போர்டிங் பாஸும் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று எழுத்தில் கடைசி ஊர் இருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு நகரு. எனக்கு ஓ.ஆர்.டி. சிகாகோவுக்கு எதற்கு ஓ.ஆர்.டி. என்று குழம்பினேன். அந்த விமான நிலையத்துக்கு முன்பு ஆர்ச்சர்ட் ஃபீல்ட் என்று பெயராம். நம் சென்னைக்கு இன்னும் எம்.ஏ.ஏ.தான். 1996-இல் ஊர்ப் பெயர் மாறிவிட்டது, விமானச் சீட்டில் மட்டும் நாம் மெட்ராஸ்காரர்கள்.

அபுதாபியில் இறங்கியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வை. இதை மறந்தால் விமானம் போய்விட்டது என்று வீணாகப் பதறுவாய். நான் பதறினேன். 2023 நவம்பரில் திறந்த புது முனையம், மண்டபம் மாதிரி விரிந்து கிடக்கிறது. கூட்டம் போகிற பக்கம் போகாதே, அதில் பாதிப் பேர் அந்த ஊரிலேயே இறங்குகிறவர்கள். 'டிரான்ஸ்ஃபர்' என்று போட்ட பலகையைப் பிடித்துக்கொண்டு போ. எனக்குச் சந்தேகம் வந்து, தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் என் இங்கிலீஷில் கேட்டேன். "யு.எஸ்.ஸா அம்மா? நேரே போய் இடது பக்கம்" என்றான் தமிழில். நாகர்கோவில் பையன். என் செருப்பைப் பார்த்தே ஊர் தெரிந்துவிட்டதாம்.

இனிமேல் சொல்வதுதான் உனக்குப் புதிதாக இருக்கும். அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடுகிறார்கள். 2014-இலிருந்து இந்த ஏற்பாடு. 1952-இல் கனடாவின் டொரொன்டோவில் முதலில் ஆரம்பித்ததாம், அயர்லாந்திலும் இருக்கிறது. கைரேகை, போட்டோ, "எதற்குப் போகிறாய், எத்தனை நாள்" எல்லாம் அங்கேயே. அதற்கு முன்னால் பாதுகாப்புச் சோதனை இரண்டு தடவை. தண்ணீர் பாட்டிலை முதலிலேயே காலி செய்துவிடு. கழற்ற லேசான செருப்பாகப் போட்டுக்கொள். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் திரும்பி வர முடியாது. காபி குடிப்பதானால் வெளியிலேயே குடித்துவிட்டுப் போ.

அதிகாரி ஒரு சின்னப் பையன், என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவன் போல இருந்தான். திரையில் என் பெட்டியின் படத்தைக் காட்டி "உங்களுடையதா?" என்று கேட்டான். கைப்பிடியில் நான் கட்டிய பழைய சுங்குடிச் சேலைக் கிழிசல், முடிச்சோடு தெரிந்தது. உள்ளே எங்கேயோ உருண்டுகொண்டிருக்கிற பெட்டியை அங்கே பார்த்ததும், ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி சந்தோஷம். அடுத்து "சாப்பாட்டுச் சாமான் ஏதாவது?" என்றான். ஊறுகாய், பருப்புப்பொடி, வடகம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கைப்பையிலிருந்த கறிவேப்பிலையையும் சொன்னேன். கொல்லையில் பறித்து, ஈரம் போகத் துடைத்து, தினத்தாளில் சுற்றி எடுத்து வந்தது. பிரித்துப் பார்த்தான். வாசனை அந்தக் கவுண்டர் முழுக்க. "இது மட்டும் கூடாது" என்று தொட்டியில் போட்டுவிட்டான். திட்டவில்லை, அபராதமும் இல்லை. நாமாகச் சொன்னதால் அதோடு போயிற்று. மறைத்து, பிடிபட்டால் நூற்றுக்கணக்கான டாலர் கட்ட வேண்டுமாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் விமானத்தில் உட்கார்ந்து யோசித்தால் வெட்கமாகிவிட்டது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாரத்தையும் ஒரே குடும்பம், ரூட்டேசி என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். கறிவேப்பிலையில் வாழ்கிற ஒரு சின்னப் பூச்சிதான் ஆரஞ்சு மரத்துக்கு நோயைக் கொண்டுபோகிறது. 2005-இல் ஃப்ளோரிடாவில் அந்த நோய் தென்பட்டது. அதற்கப்புறம் அங்கே தோட்டம் தோட்டமாக ஆரஞ்சு அழிந்தது. பாடம் நடத்தும்போது தெரிந்தது, பை கட்டும்போது தெரியவில்லை.

உனக்கு இதைவிட முக்கியமான ஒன்று. மருமகளுக்குக் குருமா வைக்கக் கசகசா எடுத்துப் போவதாகச் சொன்னாய் இல்லையா? தொடவே தொடாதே. அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. இறங்கி மாறுகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் வேண்டாம். முந்திரியை அரைத்துப் போடச் சொல். மூட்டுவலி மாத்திரைக்கு டாக்டர் சீட்டைக் கையோடு வை. அதில் மருந்தின் பெயர் புரிகிற எழுத்தில் இருக்க வேண்டும். நம் டாக்டர் எழுத்தை நம்பாதே, தட்டச்சு செய்து வாங்கிக்கொள்.

வீல்சேர் கேட்கலாமா என்று தயங்கினாய். உன் முழங்கால் நிலைமைக்குத் தாராளமாகக் கேள், டிக்கெட் எடுக்கும்போதே. பாஷை தெரியாது என்பதற்காக நடக்கக்கூடியவர்கள் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு ஒரு பெரியவர், நிஜமாகவே நிற்க முடியாதவர், வண்டி வரும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிகாகோவில் இறங்கினால் ஒரு வரிசையும் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தவள் மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நான் இன்னும் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பேன் என்று நினைத்து மகளும் மாப்பிள்ளையும் காபி வாங்கப் போயிருக்கிறார்கள். நான் வண்டியும் பெட்டியுமாக நின்று எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்திய சிம் அங்கே வேலை செய்யவில்லை. உன் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவை.

சாவி உன்னிடம்தானே இருக்கிறது? கொல்லையில் அந்தக் கறிவேப்பிலைக்கு வாரம் ஒரு தடவை புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்று. கிளை ஒடிக்காமல் இணுக்காகப் பறித்துக்கொள். நீ கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வா.

இதோ, எழுந்துவிட்டாள்.

உன் அன்புள்ள,
காமாட்சி