பெட்டி வேணாம், கேள்வி போதும்: நம்ம கடற்கரைக்கும் ஜியோகேச்சிங் வரட்டும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

லீவு நாள்ல தனுஷ்கோடிக்கு வர்ற கூட்டத்தைப் பத்தி நம்ம பேப்பர்ல அடிக்கடி போடுறீங்க, வேன் நிறுத்த இடமில்ல, குப்பை, கடல்ல இறங்காதீங்கன்னு எச்சரிக்கை, எல்லாம் போட வேண்டியதுதான். நான் கேக்க வந்தது வேற. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்ததுல இருந்து அம்புட்டு பிள்ளைங்க வருதுங்களே, அதுக எதைப் பாத்துட்டுப் போகுதுங்க? இறங்குதுங்க, போட்டோ எடுக்குதுங்க, மாங்கா வாங்கித் தின்னுட்டு வண்டில ஏறிருதுங்க. 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச சர்ச் சுவத்துல சாஞ்சு செல்ஃபி எடுக்குற பிள்ளைக்கு, முதுகுக்குப் பின்னாடி இருக்குற கல்லு ஒரு காலத்துல கடலுக்குள்ள உயிரோட இருந்த பவளம்னு தெரியுமா? கையை வச்சுத் தடவிப் பாத்தா குட்டி குட்டி நட்சத்திரம் மாதிரி குழி தட்டுப்படும், ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் உக்காந்திருந்த இடம். அதைத் தடவிப் பாக்கச் சொல்ல ஒரு ஆள் வேணும், இல்ல ஒரு விளையாட்டு வேணும்.

அந்த விளையாட்டைத்தான் நான் நியூசிலாந்துல ஆக்லாந்துல மக வீட்டுக்குப் போயிருந்தப்ப பாத்தேன். பேரு ஜியோகேச்சிங். ஜிபிஎஸ் வச்சு ஆடுற புதையல் வேட்டை. ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கயாச்சும் ஒளிச்சு வச்சுட்டு அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை நெட்ல போடுவாரு, மத்தவங்க தேடிப் போய் கண்டுபிடிச்சு உள்ள இருக்குற நோட்டுல பேரு எழுதிட்டு, இருந்த மாதிரியே திருப்பி வச்சுட்டு வந்துரணும், உள்ள இருந்து ஒரு சாமானை எடுத்தா அதே மதிப்புக்கு ஒண்ணு வைக்கணும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இது பிறந்த கதையும் சுவாரஸ்யம். அதுவரைக்கும் சாதாரண ஜனங்க வாங்குற ஜிபிஎஸ் கருவில நூறு மீட்டர் வரைக்கும் தப்பு காட்டும், அமெரிக்க அரசு வேணும்னே அப்படி வச்சிருந்துச்சு. 2000 மே 2-ஆம் தேதி அதை எடுத்துட்டாங்க, மறுநாளே ஒரெகன் மாநிலத்துல டேவ் உல்மர்னு ஒருத்தர் ஒரு வாளியைக் காட்டுக்குள்ள வச்சு தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டாரு. இன்னைக்கு உலகம் பூரா ஆடுறாங்க.

எங்களை மக கூட்டிட்டுப் போனது த்ரீ கிங்ஸ்னு ஒரு புறநகர். நம்மூரு ஆளுக, கடைக நிறைய இருக்குற பக்கம், பஸ் போகுது, வீடு, ஸ்கூலு, சூப்பர் மார்க்கெட், அதுக்கு நடுவுல புல்லு முளைச்ச ஒரு மேடு. அது எரிமலை அய்யா. சுமார் 28 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெடிச்சது. ஆக்லாந்து நகரமே ஐம்பதுக்கு மேல எரிமலை வாய் இருக்குற நிலத்துமேலதான் உக்காந்திருக்கு, கடைசியா வெடிச்சது ரங்கிடோட்டோ தீவு, அதுக்கே சுமார் 600 வருஷம் ஆச்சு. பொதுவா அங்க ஒரு வாய் ஒரு தடவை வெடிச்சா அதோட சரி, அடுத்தது வேற இடத்துல கிளம்பும், அதனால அந்த நிலத்தை செத்துப் போச்சுன்னு சொல்ல மாட்டாங்க, உறங்குதுன்னுதான் சொல்றாங்க. ஆனா மேட்டுக்குக் கீழ நாயைக் கூட்டிட்டு நடக்குறவங்களைப் பாத்தா எரிமலைங்குற நினைப்பே இருக்குற மாதிரி தெரியல, வெறும் பார்க்தான் அவங்களுக்கு.

த்ரீ கிங்ஸ்னா மூணு ராஜா. இப்ப நிக்கிறது ஒரே ஒரு ராஜா, பிக் கிங். மத்த மேடெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க, ரோடு போடவும் ரயில் பாதைக்குக் கொட்டவும் அந்தச் செங்கல்லு கலர் எரிமலைக் கல்லுதான் வேணும்னு லாரி லாரியா போயிருச்சு, தோண்டுன பள்ளத்துல இப்ப வீடு வருது. மிச்சம் இருக்குற மேட்டுலயும் படி படியா வெட்டுன தடம் தெரியும், அது மாவோரி ஜனங்க கோட்டை கட்டிக் குடியிருந்தப்ப வெட்டுனது, சக்கரவள்ளிக் கிழங்கு சேத்து வைக்கிற குழி கூட அவங்க மலைல இருக்கு. 2014-ல சட்டம் போட்டு அந்த ஊருல 14 மலையை மாவோரிகளுக்கே திருப்பிக் கொடுத்தாங்க.

அங்கதான் பேத்தி ஒரு கல்லைக் காட்டி தாத்தா இது மிதக்குமான்னு கேட்டா. ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்குற கல்லை அவளுக்குக் காட்டியிருந்தேன், இதுலயும் ஓட்டை ஓட்டையா இருக்கவும் கேட்டுட்டா. பாட்டில் தண்ணியைக் கிண்ணத்துல ஊத்திப் போட்டுப் பாத்தோம், முங்கிருச்சு. அந்தச் சிவப்புக் கல்லுல ஓட்டை இருந்தாலும் சுவர் தடிமன். எரிமலை நுரைக்கல்லுன்னு வேற ஒண்ணு இருக்கு, அதுதான் மிதக்கும், 1883-ல கிரகடோவா வெடிச்சப்ப அந்த நுரைக்கல்லு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா கரை வரைக்கும் மிதந்து போச்சு. ஒம்பது வயசுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு, நின்ன இடத்துலயே செஞ்சு பாத்து, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட விளக்கிச் சொல்லுச்சு. எந்த டியூஷன்ல இது வரும்?

நம்ம கரையிலயும் இதே கதைதான் அய்யா, அதான் எனக்கு வயிறு எரியுது. அங்க மலையை வெட்டி ரோடு போட்டாங்க, இங்க கடல் கல்லை வெட்டி சுண்ணாம்புக் காளவாசல்ல போட்டோம், வீடு கட்டுனோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்கான்னு 1986-ல அறிவிச்ச 21 தீவுல விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு, சுத்தியிருந்த பவளத்தை வெட்டுனதுதான் முக்கியமான காரணம்னு சொல்றாங்க. 2001-ல பவளத்தை வனவிலங்கு சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. இது நம்ம மாவட்டத்துப் பிள்ளைல எத்தனை பேருக்குத் தெரியும்? பாம்பன் தீவு வடக்குக் கரையில கடல் மட்டத்துக்கு மேல தூக்கி நிக்கிற பழைய பவளப்பாறை சுமார் 4000 வருஷத்துக்கு முன்னாடி வளந்தது, அதாவது அன்னைக்கு அது தண்ணிக்குள்ள இருந்திருக்கணும், இன்னைக்கு அதுமேல உக்காந்து வலையை உலத்துறோம்.

அதுக்காக இங்க டப்பா ஒளிச்சு வைங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். நம்ம கடற்கரை அப்படிப்பட்டது இல்ல. நேவி, கோஸ்ட் கார்டு, மரைன் போலீஸ், இலங்கை பக்கத்துல. தாழம்புதருக்குள்ள ஒரு டப்பா கிடந்தா வெடிகுண்டு நிபுணர்தான் வருவாரு, வைக்கப் போன பசங்க ஸ்டேஷன்ல உக்காரணும். தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாம போகவே கூடாது. ஆமை முட்டை போடுற மணல்ல குச்சி வச்சுக் கிளறுறது பாவம். டப்பா இல்லாத ஒரு வகையே இருக்கு, எர்த்கேச்னு பேரு, அமெரிக்கப் புவியியல் சங்கம் 2004-ல ஆரம்பிச்சது. அதுல எதையும் வைக்கவும் வேணாம் எடுக்கவும் வேணாம், அந்த இடத்துக்குப் போய் நின்னாத்தான் பதில் சொல்ல முடியுங்குற மாதிரி பூமியைப் பத்தி ரெண்டு மூணு கேள்வி இருக்கும், பாத்துட்டு பதிலை அனுப்பணும், அவ்வளவுதான். அதுக்கும் இடத்துக்குப் பொறுப்பானவங்க அனுமதி வாங்கணும்னு விதி இருக்கு, வாங்கட்டும், அதுதான் முறை.

கேள்விக்கு நம்மகிட்ட பஞ்சமா? சர்ச் சுவத்துல ஒரு கல்லைத் தொட்டுப் பாரு, குழி எல்லாம் ஒரே அளவா, இல்ல ரெண்டு மூணு விதமான பவளம் கலந்திருக்கான்னு கேக்கலாம். அரிச்சல்முனையில நின்னு இன்னைக்கு எந்தக் கடல் கொந்தளிக்கிற ஆண்கடல், எது அமைதியா கிடக்குற பெண்கடல், அலை எங்கிட்டு அடிக்குது, காத்து வடக்க இருந்து வர்ற வாடையா, மேக்க இருந்து வர்ற கச்சானான்னு கேக்கலாம், ஆறு மாசம் கழிச்சு வந்த பிள்ளை எழுதுற பதில் தலைகீழா இருக்கும், அப்ப ஏன்னு யோசிக்கும் பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன். கந்தமாதன பர்வதத்துல ஏறி ராமர் பாதத்தைக் கும்பிட்டுட்டு, தீவுலயே உசந்த இடம் இதுதானே, பர்வதம்னு பேரு இருக்கே, காலுக்குக் கீழ இருக்குறது பாறையா மணலான்னு பாக்கச் சொல்லலாம். அழகன்குளத்துல 1986-ல தோண்ட ஆரம்பிச்சு ரோமாபுரி காலத்துப் பானை ஓடு, கப்பல் படம் கீறுன ஓடு எல்லாம் எடுத்தாங்களே, அங்க போய் வைகை எங்க கடல் எங்கன்னு நடந்து பாத்து எழுதச் சொன்னா துறைமுகம் ஏன் அங்க இருந்துச்சுன்னு பாடப் புத்தகம் இல்லாமலே புரியும்.

இதுக்குப் பெரிய செலவு கிடையாது, ஒரு டீச்சர் கையில ஒரு போன் இருந்தா ஒரு வகுப்பே ஆடலாம். ஒண்ணு மட்டும் கட்டாயமா சொல்லணும். கேள்வியை சென்னையில இருந்து யாரும் எழுதி அனுப்ப வேணாம். பாம்பன்லயும் சின்னப்பாலத்துலயும் கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க இருக்காங்க, எந்தக் கல்லு உயிரோட இருக்கு எது செத்துப் போச்சுன்னு காலை வச்சே சொல்லிருவாங்க, அவங்களையும் அவங்க பிள்ளைங்களையும் உக்கார வச்சு எழுதணும். எழுதுனது சரியான்னு பாத்துக் குடுக்க மண்டபம் முகாம்ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கேட்டா மறுக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

உங்ககிட்ட நான் கேக்குறது, மாணவர் பக்கத்துல வாரம் ஒரு இடம், ஒரு கேள்வி போடுங்க, அட்சரேகை தீர்க்கரேகையோட. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் எந்தெந்த இடத்துக்குப் பிள்ளைங்களை விடலாம், எங்க விடக் கூடாதுன்னு முதல்லயே ஒரு பட்டியல் குடுத்துட்டா பள்ளிக்கூடத்துக்குப் பயமில்ல. முதல் வாரத்துக்கு பாம்பன் வடக்குக் கரைக் கல்லைப் பத்தி ரெண்டு கேள்வி எழுதி இந்தக் கடிதத்தோட தனித் தாள்ல வச்சிருக்கேன், திருத்திப் போட்டுக்கங்க.

இப்படிக்கு,
உச்சிப்புளி வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்