அஞ்சாம் நாள் நிறுத்தின மாத்திரை

சோமனூர்த் தம்பிக்கு,

உங்க கடுதாசி படிச்சேனுங்க. பஸ்ஸுல ஏறவே பயம்னு எழுதியிருக்கீங்க. ஈசிஜி ரெண்டு தடவையும் சுத்தம். அப்புறமும் நெஞ்சு படபடங்குது, கை மரத்துப்போகுது, இப்பவே உயிர் போயிரும்போல இருக்குதுங்கறீங்க. கேஸ்னு சோடாவும் குடிச்சாச்சு. இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போய்த் தானா இறங்கும். தைராய்டு மட்டும் ஒருக்கா பார்த்துருங்க, அது எச்சானாலும் இதே படபடப்புத்தான்.

ஆனா கடைசியில போறபோக்குல எழுதினீங்க பாருங்க: வெடியறதுக்கு முன்னாடியே முழிப்பு, நோம்பிக்குப் போக மனசில்ல, இழை அந்து தறி நின்னாக்கூட எந்திரிக்கத் தோணல. இது பயமில்லீங்க, மனச்சோர்வு. பதட்ட நோய்கூட அடிக்கடி சேர்ந்தே வரும். ரெண்டு வாரமா இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட இதைத்தான் முதல்ல சொல்லோணும்.

டாக்டர் குடுத்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை அஞ்சாம் நாள் நிறுத்தினதுதான் வினை. முதல் வாரம் குமட்டும், படபடப்புக்கூட எச்சாகலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுசாத் தெரிய 6 வாரம் ஆகும். 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 10-க்கு ஏத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க, தொந்தரவு குறையும். பதட்டம், சோர்வு ரெண்டுக்கும் இந்த ஒரே மாத்திரை கேக்கும். சரியான பின்னாடியும் 6 மாசத்துக்குக் குறையாமப் போடோணும், நிறுத்தறப்பவும் படிப்படியாத்தான்.

நீங்க டாக்டர் சீட்டில்லாம வாங்கற அல்பிரசோலம்ங்கற மாத்திரை படபடப்பை அரைமணியில அடக்கிரும். அதனாலதான் அது நல்ல மாத்திரைன்னு தோணுது! சோர்வை அது தொடாது. சில வாரத்துலயே உடம்பு பழகி அளவு ஏறும். அதுக்காக நீங்களா சட்டுனு நிறுத்தீராதீங்க, வலிப்பு வரலாம், டாக்டர்தான் குறைக்கோணும். அதைப் போட்டுட்டுக் குடிக்கவே கூடாது.

பஸ்ஸு பயத்துக்கு மாத்திரை மட்டும் போதாது. சிபிடிங்கற பேச்சு சிகிச்சை இருக்குது, வாரம் ஒண்ணுன்னு 12 தடவை மாதிரி வரும். அதுல ஒரு வேலை இது: மொத நாள் ஸ்டாப்புல நில்லுங்க, அப்புறம் கருமத்தம்பட்டி வரைக்கும், அப்புறம் கோயமுத்தூர். படபடப்பு ஏர்றப்ப இறங்கீராதீங்க. இறங்கினா, ஓடினதாலதான் பொழச்சோம்னு உடம்பு நம்பிக்கும். சட்டைப்பையில வெச்சிருக்கற அல்பிரசோலம் அட்டையும் அதே வேலையைத்தான் செய்யுது, அது இருந்ததாலதான் பொழச்சோம்னு நம்ப வெச்சிரும்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்குதுங்க. சாகலாம்னு எண்ணம் எட்டிப் பார்த்தாலே வூட்டுல சொல்லிட்டு அன்னைக்கே டெலி-மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்க. ராத்திரியானாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசில்லை. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ரெண்டு மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, எத்தனை போட்டீங்கன்னு மறைக்காதீங்க.