ஆன்சாரும் லியோன் தறிகளும்

புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்புள்ள நிலா,

போன லீவில் நீ மேசையிலேயே மறந்துவிட்டுப் போன, பிரெஞ்சு சமூகவியலாளர் பியேர் ஆன்சாரின் புத்தகத்தை ஒருவழியாக முடித்துவிட்டேன். முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன், பக்கத்துக்கு நாலு தடவை அகராதியைப் புரட்டினேன். உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

நம் பத்திரிகைகளில் 'அராஜகம்' என்றால் பஸ் கண்ணாடி உடைப்பதுதான். ஆன்சார் 1970இல், அரசே வேண்டாம் என்ற கொள்கையாக அதன் பிறப்பைத் தேடிப் போய் நிற்கும் இடமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறி! பட்டறைக்காரனிடம் சொந்தமாக நாலு தறி, ஆறு தறி இருக்கும். பட்டுநூலைக் கொடுப்பவனும் கூலியை வைப்பவனும் வியாபாரி. ஆக, பட்டறைக்காரன் முதலாளியும் இல்லை, வெறும் கூலியாளும் இல்லை. 1828இல் இந்தப் பட்டறைக்காரர்கள் தங்களுக்குள் பரஸ்பர உதவிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1831இல் பேசி முடித்த கூலியை வியாபாரிகள் பலர் தர மறுத்ததும், நவம்பரில் ஊரே கொதித்தது. 'உழைத்து வாழ்வோம், இல்லை போராடிச் சாவோம்' என்று கொடியில் எழுதினார்கள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே ஊரில் ஒரு படகுப் போக்குவரத்துக் கம்பெனிக்கு வேலைக்கு வருகிறார், அராஜகக் கொள்கையின் தந்தை எனப்படும் புரூதோன். 'சொத்து என்பது திருட்டு' என்று 1840இலேயே எழுதியவர்தான், ஆனால் நெசவாளியின் தறியில் கை வைக்கச் சொல்லவில்லை. அவருடைய சிந்தனையின் வடிவமும் அந்தப் பட்டறை உறவுகளின் வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்கிறார் ஆன்சார். நீ பென்சிலால் இரட்டைக் கோடு போட்ட இடம்.

எனக்கு ஒரு இடத்தில் உதைக்கிறது. அந்தப் பட்டறைகளில் நூல் சுற்றியது, தறியில் உட்கார்ந்தது என்று பெண்கள் உழைப்பு எவ்வளவு! புரூதோனோ பெண்ணுக்கு வீடுதான் என்று சாதித்தார். பட்டறையின் அச்சுதான் அவர் சிந்தனை என்றால், அச்சில் பாதி ஏன் பதியவில்லை? உன் பேராசிரியரிடம் கேள். 'அப்பா கேட்டார்' என்று சொல்லாதே, நீ கேட்டதாகவே இருக்கட்டும்.

அந்த நெசவாளிகள் குடியிருந்த க்ருவா-ரூஸ் மேட்டுக்கு நடந்துதானே போகிறாய்? உயரமான ஜக்கார்டு தறி நிற்பதற்காக அங்கே வீடுகளை நாலு மீட்டர் உயரத்துக்குக் கட்டினார்களாம். கீழே தறி, படுக்க மேலே மரப்பரண். எந்த வீட்டிலாவது உள்ளே விட்டால், அந்தப் பரணில் ஏறி நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்று பார்த்து எழுது.

அப்பா