துப்பாக்கி வாங்கும் முன் நிலைக்கதவைப் பாருங்கள்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைத் திருடர்கள் உடைத்துவிட்டால் போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு நாம் கூடும் இடமெல்லாம் இதே பேச்சுதான். யாராவது ஒருவர், "பேசாமல் ஒரு கன் வாங்கி வைத்துவிடலாம்" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் வீட்டுக்குப் போனதும் விலை தேடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் வெளியூர் போயிருக்கும் இரவில், பிள்ளைகள் தூங்கியபின், மாடிப்படியில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். பயம் நியாயமானதுதான். அதற்கு நாம் தேடும் மருந்துதான் சரியில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் சட்டம். வீட்டுக்குள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008ல் தீர்ப்புச் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்தாலும் குற்றம்தான். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படும் நிலைகூட வரலாம். இதைத் தெரிந்துகொள்ளாமலே கடைக்குக் கிளம்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

சரி, எந்தத் திருடனுக்காக வாங்குகிறோம்? அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு 2003 முதல் 2007 வரை நடந்த வீட்டுத் திருட்டுகளை ஆராய்ந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 37 லட்சம் திருட்டுகள். அவற்றில் வீட்டில் ஆள் இருந்தபோது நடந்தவை 28 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள்மீது வன்முறை நடந்தவை 7 சதவீதம். அந்த வன்முறைச் சம்பவங்களிலும் 65 சதவீதத்தில் உள்ளே வந்தவர் வீட்டாருக்குத் தெரிந்தவர், பழைய துணையோ உறவோ நண்பரோ. நாம் கண்ணை மூடினால் தெரிகிற முகமூடி அணிந்த அந்நியன் உண்மையில் இருக்கிறான், ஆனால் அரிது. பெரும்பாலான திருடர்கள் ஆளில்லாத வீட்டைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஆளில்லாத வீட்டில் நம் துப்பாக்கி எதையும் காக்காது, அதுவும் சேர்ந்தே திருடுபோகும்.

அந்த அரிதான இரவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணி இரண்டு. சத்தம் கேட்டு விழிக்கிறீர்கள். கை நடுங்குகிறது, நடைக்கூடம் இருட்டு, உருவம் ஒன்று அசைகிறது. யார் அது? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ அப்பாவோ நேர மாற்றத்தால் தூக்கம் வராமல், நம்மை எழுப்பக் கூடாதே என்று விளக்குகூடப் போடாமல் தண்ணீர் குடிக்கப் போவார்கள். சொல்லாமல் வெளியே போய்விட்டுப் பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி நுழையும் பதினாறு வயதுப் பிள்ளை நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! நம் வீட்டில் இரவு கேட்கும் சத்தங்களை வாழ்நாள் முழுக்க எண்ணினாலும் கிட்டத்தட்ட எல்லாமே நம் ஆட்களுடையதாகத்தான் இருக்கும்.

சுவரையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் உட்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரு பக்கமும் அடித்த அரை அங்குல ஜிப்சம் பலகைதான். ஊரில் நாம் வளர்ந்த செங்கல் சுவர் அல்ல. கைத்துப்பாக்கித் தோட்டா இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். நீங்கள் குறிவைக்கும் இடத்துக்குப் பின்னால் எந்த அறை, யாருடைய கட்டில்?

1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்ததை நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிலிருந்து படிக்க வந்த 16 வயது மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது தவறான வீட்டின் மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து அசையாதே என்று கத்தினார். பையன் விருந்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு, செத்துப்போனான். குற்றவியல் வழக்கில் ஜூரி வீட்டுக்காரரை விடுவித்தது. பிறகு உரிமையியல் வழக்கில் அவர் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது. முப்பது ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், மிசௌரியின் கேன்சஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் தெருப்பெயர் மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். நம் பிள்ளைகளும் நண்பர்களைத் தேடி இப்படித்தான் முன்பின் தெரியாத வீடுகளின் மணியை அடிக்கிறார்கள். நாளைக்கு நாமும் துப்பாக்கியோடு கதவுக்கு உள்பக்கம் நிற்கிறவர்களாக ஆக வேண்டுமா?

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் "பத்திரமாகப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்" என்பார்கள். நல்லது. ஆனால் குண்டைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி வைத்தால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டையும் திறந்து எடுப்பதற்குள் வந்தவன் போயே போயிருப்பான். சட்டென்று எடுக்க வேண்டும் என்று குண்டு போட்டுத் தலைமாட்டில் வைத்தால் பிள்ளை கைக்கும் அதே தூரம்தான். கைரேகைப் பெட்டி இந்தச் சிக்கலைக் கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது. பிள்ளைகளுக்கு அது இருக்குமிடமே தெரியாது என்று நம்புவதும் வீண். அலபாமாவில் துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டு, 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், எடுத்துப் பார்த்திருக்கிறோம் என்றார்கள். பண்டிகைத் துணி ஒளித்து வைத்த அலமாரியையே கண்டுபிடிக்கிறவர்கள் நம் பிள்ளைகள்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதைப் பேச மாட்டோம், அதனாலேயே சொல்கிறேன். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல், 26,328 பேர், தற்கொலை. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய 8 மடங்கு, பெண்களுக்கு 35 மடங்கு. மனம் உடைந்த அந்த ஒரு நேரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்து வாழ்ந்துவிடுகிறார்கள். துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. வேலை போய் விசா கெடு நெருங்கும் மாதங்களில், பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் நாள்களில், நம் வீட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

பெண்களே, உங்களுக்கும் ஒரு தகவல். அதே மாநிலத்தில் 2022ல் வந்த ஆய்வு, தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களைப் பார்த்தது. அவர்கள் கொலையாகும் விகிதம் துப்பாக்கி இல்லாத வீட்டாரைவிட இரண்டு மடங்குக்கு மேல். வீட்டுக்குள் வாழ்க்கைத்துணையாலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு, அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குடும்பத்தைக் காக்க வாங்குகிறேன் என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். முடிவெடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் கேட்டாரா?

மறுபக்கமும் இருக்கிறது. ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி தற்காப்புக்குப் பயன்படுகிறது என்ற எண் எல்லா விவாதத்திலும் வரும். அது 1995ல் வெளியான ஒரு தொலைபேசி ஆய்வின் கணக்கு. அரசு நடத்தும் குற்றப் பாதிப்பு ஆய்வின் கணக்கு அதைவிடப் பல மடங்கு குறைவு. எந்தக் கணக்கை எடுத்தாலும் துப்பாக்கியால் உயிர் தப்பியவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் ஒதுக்குப்புறத்தில் தனியாக இருப்பவர், மிரட்டும் முன்னாள் கணவனுக்கு எதிராக நீதிமன்ற ஆணை வாங்கி வைத்திருக்கும் பெண், இவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. நான் பேசுவது போலீஸ் நிலையத்திலிருந்து சில மைல் தூரத்தில், சுற்றிலும் வீடுகளோடு, சின்னப் பிள்ளைகளோடு வாழும் நம்மில் பெரும்பாலோரைப் பற்றி.

அப்படியானால் என்ன செய்வது? வாசலுக்குப் போங்கள். திருடன் முன்கதவை உதைக்கும்போது உடைவது பூட்டு அல்ல, பூட்டின் நாக்கு போய் உட்காரும் தகடும் அதைச் சுற்றியுள்ள மரமும்தான். அந்தத் தகட்டின் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அது முக்கால் அங்குலம்தான் இருக்கும். நிலையின் மெல்லிய மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பின்னால் இருக்கும் கனமான சட்டத்தைத் தொடவே தொடாது. மூன்று அங்குல ஸ்க்ரூவும் தடித்த நீளமான தகடும் போட்டால் அது சட்டம்வரை இறங்கிப் பிடிக்கும். கீல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்க்ரூவை இப்படி நீளமானதாக மாற்றுங்கள். டெட்போல்ட் எனும், கைப்பிடிக்கு மேலே தனியாக இருக்கும் பூட்டின் நாக்கு முழுதாக ஒரு அங்குலம் வெளியே வருகிறதா, தகட்டுக்குப் பின்னால் அதற்கு ஆழமான துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் முடியும் வேலை. பூட்டு கம்பீரமாக இருக்கிறது என்று பார்த்துத் திருப்தியடைகிறோம், மரத்தைப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் பின்பக்கத்து இழுவைக் கண்ணாடிக் கதவு. அதன் தடத்தில் சரியான அளவில் ஒரு மரக்கம்பைப் போட்டால் வெளியிலிருந்து நகர்த்த முடியாது. கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவை நாம் பூட்டுவதே இல்லை, கராஜ் ரிமோட்டையோ வாசலில் நிற்கும் காரிலேயே விட்டுவிடுகிறோம். கார்க் கண்ணாடியை உடைத்தால் வீடு திறந்த மாதிரிதான். கதவை ஒட்டிய கண்ணாடிக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டலாம். ஆனால் உள்ளிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டை மட்டும் வேண்டாம், தீப்பிடித்தால் அதுவே எமன்.

திருட்டுக்காகத் தண்டனை பெற்ற 422 பேரிடம் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தினர் கேட்டபோது, அலாரம் இருக்கிறதா என்று முன்பே பார்ப்போம் என்றவர்கள் 83 சதவீதம், இருந்தால் வேறு இடம் தேடுவோம் என்றவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். குரைக்கும் நாய், ஆள் அசைந்தால் எரியும் விளக்கு எல்லாம் உதவும். மிளகு ஸ்ப்ரேயை மூடிய அறையில் அடித்தால் நம் கண்ணும் சேர்ந்து எரியும். மட்டையை வீசத் திருடனுக்கு அருகில் போக வேண்டும், பிடுங்கிக்கொண்டால் ஆயுதம் அவனுடையது. இவற்றை நம்பி இருட்டில் தேடிப் போகாதீர்கள்.

தேடிப் போகாமல் இருக்க ஓர் அறை வேண்டும். பிள்ளைகளுக்கு அருகில் உள்ள படுக்கையறையின் உள்ளே வெற்றான லேசான கதவை எடுத்துவிட்டுக் கெட்டி மரக்கதவும் டெட்போல்ட்டும் போடுங்கள். சத்தம் கேட்டால் எல்லோரும் அங்கே, கதவைப் பூட்டு, 911க்கு அழை. தலைமாட்டில் கார்ச் சாவி இருக்கட்டும், கார் அருகில் நின்றால் அவசரப் பொத்தானை அழுத்தினாலே ஹாரன் தெருவை எழுப்பிவிடும். வந்திருக்கும் பெற்றோருக்கு வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும், "தமிழ்" என்று மொழியின் பெயரைச் சொல்லவும் பழக்குங்கள், பல ஊர்களில் 911 பணியாளர்கள் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நகையும் பாஸ்போர்ட்டும் வங்கி லாக்கரில் இருந்தால் வந்தவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று உள்ளேயே இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், அல்லது ஏற்கெனவே வாங்கியிருந்தால், பயிற்சி எடுங்கள், பூட்டி வையுங்கள், குண்டைத் தனியாக வையுங்கள். வீட்டில் யாருடைய மனமாவது தளர்ந்திருந்தால் அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். அதை யாரிடம், எப்படிச் சட்டப்படி ஒப்படைக்கலாம் என்று உங்கள் மாநில விதியைக் கேளுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 என்ற எண்ணில் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

என் பிள்ளையை விளையாட அனுப்பும் முன் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று இனி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப் போகிறேன். கேட்டால் கோபப்படாதீர்கள். நீங்களும் என்னைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் அம்மா