பேக்கப் மென்பொருள் யாரைத் தேடிப் போகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்கள் கணினித் தரவுகளுக்கு பேக்கப், அதாவது காப்பு நகல், வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதுகிறது, நல்ல விஷயம். ஆனால் "நல்ல மென்பொருளாகப் பார்த்து வாங்குங்கள், தினமும் ராத்திரி ஓட விடுங்கள்" என்பதோடு அந்தக் கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. நெட்வொர்க் வழியாக பேக்கப் எடுக்கும்போது எந்தக் கணினி எந்தக் கணினியைத் தேடிப் போகிறது, எந்த முகவரியை வைத்துத் தேடுகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் கணினிப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். டிஸ்க் கெட்டுப்போய் பேக்கப் நின்ற இடங்களைவிட, முகவரி தப்பாகி நின்ற இடங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

பேக்குலா என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளலாம். கெர்ன் சிபால்ட் 2000இல் எழுதத் தொடங்கியது, திறமூலம், காசு கொடுக்காமலே கிடைக்கும், இன்றைக்கும் நிறைய இடங்களில் ஓடுகிறது. இதில் மூன்று பேர், அதாவது மூன்று தனித்தனி நிரல்கள், வேலை செய்கிறார்கள். எப்போது எதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வது டைரக்டர். ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து கோப்புகளைப் படித்துத் தருவது ஃபைல் டீமன். வருவதை வாங்கி டிஸ்க்கிலோ டேப்பிலோ எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். டைரக்டர் முதலில் ஸ்டோரேஜ் டீமனை 9103 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழைகிற, எண் போட்ட வாசல் மாதிரி) கூப்பிடும், அப்புறம் ஃபைல் டீமனை 9102இல் கூப்பிட்டு, "ஸ்டோரேஜ் இன்ன முகவரியில் இருக்கிறது, நீயே போய்ச் சேர்ந்துகொள்" என்று சொல்லிவிடும். கோப்புகள் டைரக்டர் வழியாகப் போவதே இல்லை, ஃபைல் டீமன் நேராக ஸ்டோரேஜிடம்தான் கொட்டுகிறது. அதாவது ஸ்டோரேஜின் முகவரியை எழுதி வைப்பது டைரக்டரின் அமைப்புக் கோப்பில், ஆனால் அந்த முகவரியைப் பயன்படுத்தப் போவது வேறு எங்கோ இருக்கிற இன்னொரு கணினி.

இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும் கோளாறு வருகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில், அமைத்துக் கொடுத்தவர்கள் ஸ்டோரேஜின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று போட்டிருந்தார்கள், 127.0.0.1 என்று போட்டாலும் அதேதான். டைரக்டரும் ஸ்டோரேஜும் ஒரே பெட்டியில் இருந்ததால் அந்தப் பெட்டியின் சொந்தக் கோப்புகள் தினமும் ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டிருந்தன, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் லோக்கல்ஹோஸ்ட் என்பது எந்தக் கணினி படித்தாலும் அந்தக் கணினியையே குறிக்கும். கூரியர் பையனிடம் "நம்ம வீட்டுக்குக் கொண்டு போ" என்று சொன்னால் அவன் அவன் வீட்டுக்குத்தானே போவான்? ஆய்வகத்தின் கணினியைப் பிறகு சேர்த்தபோது, அது தன்னிடமே இல்லாத ஸ்டோரேஜைத் தன்னிடமே தேடிக்கொண்டிருந்தது. திரையில் பிழை என்று சிவப்பாக எதுவும் வரவில்லை. கிளையன்ட் (கோப்புகளைத் தர வேண்டிய கணினி) ஸ்டோரேஜோடு வந்து சேரக் காத்திருக்கிறது என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆய்வக முடிவுகள் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. இதற்கு மருந்து, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே பொருள் தருகிற முழுப் பெயரைக் கொடுப்பது, அந்தப் பெயர் சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று தரவு இருக்கிற கணினியில் உட்கார்ந்து சோதிப்பது. சர்வரில் உட்கார்ந்து சோதித்துவிட்டுக் கிளம்பினால் அது சோதனையே அல்ல.

பெயருக்குப் பதில் எண் முகவரியைப் போட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரவுட்டரை மாற்றினால் எண் மாறும், பேக்கப் நிற்கும். சில மென்பொருட்கள் இதில் இன்னும் கறார். நெட்பேக்கப் என்ற மென்பொருள் பெயரிலிருந்து எண்ணையும் எண்ணிலிருந்து பெயரையும் பார்க்கும், வந்திருப்பவரின் பெயர் தன் சர்வர் பட்டியலில் இல்லையென்றால் கதவைத் திறக்காது. எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு பழையதாக நின்றுவிட்டால் போதும், எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்காது.

தானாகவே கண்டுபிடிக்கும் வகையும் உண்டு. ஆப்பிளின் டைம் மெஷின், பேக்கப் எடுக்கும் இடம் எது என்று 5353 போர்ட்டில் நெட்வொர்க் முழுக்கக் குரல் கொடுத்துக் கேட்கும், பதில் வந்தால் பட்டியலில் காட்டும். வசதிதான். ஆனால் அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. தலைமை அலுவலகத்தில் பளிச்சென்று தெரிகிற சேமிப்புப் பெட்டி கிளை அலுவலகத்தில் தெரியவே தெரியாது, விற்றவரோ "உங்கள் நெட் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கிளை அலுவலகம் என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும், நம் ஊரில் இது இப்போது பெரிய தொல்லை. இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளிமுகவரியைப் பாருங்கள், 100.64இலிருந்து 100.127க்குள் தொடங்கினால் நீங்களும் அப்படித்தான். வெளியிலிருந்து யாரும் உங்கள் கிளையைக் கூப்பிட முடியாது, போர்ட் திறந்து வைத்தும் பலனில்லை. தலைமை அலுவலக சர்வர்தான் கிளையைக் கூப்பிட வேண்டும் என்ற அமைப்பு இங்கே ஒருநாளும் ஓடாது. கிளைதான் முதலில் கூப்பிட வேண்டும், அல்லது இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு போல ஒரு விபிஎன், அதாவது இணையத்துக்குள் ஒரு தனிப்பாதை, போட வேண்டும். மென்பொருள் வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது, வாங்கிய பிறகு தெரிந்து என்ன செய்வது?

விபிஎன் போட்டாலும் ஒரு சங்கடம் மீதி இருக்கிறது. பெரிய பேக்கப் ஓடும்போது தரவு ஒரு இணைப்பில் போய்க்கொண்டே இருக்கும், டைரக்டரோடு இருக்கிற இன்னொரு இணைப்பு மணிக்கணக்கில் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை, நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் ஃபயர்வால் வெட்டிவிடும். கடைசியில் தரவெல்லாம் போய்ச் சேர்ந்தும், "முடிந்தது" என்று சொல்ல வழியில்லாமல் வேலை தோல்வி என்று பதிவாகும். அவ்வப்போது ஒரு சிறு சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்படி ஹார்ட்பீட் என்ற அமைப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது, அந்த வரியை எழுதாமல் மென்பொருளையே மாற்றியவர்கள் உண்டு.

சிறு இடங்களில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்களின் நிரல்களை இணையத்தில் வைத்துக் காக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் அமேசான் சேமிப்பிடம் காலி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பு ஓடிய இடத்தில் பேக்கப் கருவி 9.2 பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் நிராகரித்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த ஒரு நகல்தான் கை கொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அதை அவர்களே வெளிப்படையாக எழுதியது பாராட்ட வேண்டியது.

உங்களிடம் என் வேண்டுகோள், தொழில்நுட்பப் பக்கத்தில் இதை விளக்கமாக, படத்தோடு எழுதுங்கள். இதையெல்லாம் அமைத்துக் கொடுக்கிறவர்களுக்கு ஆங்கிலக் கையேடு இருக்கிறது, பணம் கொடுத்து வாங்குகிற பள்ளித் தாளாளருக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கும் தமிழில் ஒன்றும் இல்லை. யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பெயரில், எந்தப் போர்ட்டில் என்று ஒரே ஒரு தாளில் வரைந்து தரச் சொல்லி அவர்கள் கேட்கட்டும். அப்புறம் அமைத்தவரை அனுப்புவதற்கு முன், தொலைவில் இருக்கிற கிளையின் கணினியிலிருந்து ஒரு கோப்பை அழித்து, தங்கள் கண்முன்னே அதைத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்லட்டும். காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு